நாற்பத்தாறு மேற்படி

விண்ணப்பத்தில் ‘பணியின் தன்மை’ என்ற கட்டத்துக்குள் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. ‘பேசுவது.’

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பேசுவதேதான்.

வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்கு அனுமதிச் சீட்டு கொடுக்கும் அலுவலகம் அது. மூன்றாவது மாடியில் விளையாட்டு, கலை, பண்பாட்டுப் பிரிவு. சர்க்கஸில் கத்தி வீசுகிறவர், கால்பந்துக் குழுவின் கோல்கீப்பர், பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவர், நாடகத்துக்கு முகப்பூச்சு போடுகிறவர் என்று யாராக இருந்தாலும் மேடத்தின் மேசையைத் தாண்டித்தான் உள்ளே வேலை பார்க்க முடியும். அலுவலகத்தில் அவருக்கு ‘ஏன் மேடம்’ என்று பெயர். அவர் கைபட்ட கோப்புகளின் ஓரமெல்லாம் பென்சிலால் ‘ஏன்?’ என்று எழுதியிருக்கும். கத்தி வீசுகிறவரின் கோப்பில், ‘எதிரே நிற்கப் போகிறவருக்கு ஏன் விண்ணப்பம் இல்லை?’ என்று கேட்டவர் அவர்தான். அப்படிக் கேட்டதால்தான் கத்திக்காரரின் மனைவிக்கும் சீட்டு கிடைத்தது.

இப்போது வந்திருப்பது ஒரு விளையாட்டுக் கிளப் அனுப்பிய விண்ணப்பம். பார்வையில்லாத ஓட்டக்காரி ஒருத்தியை எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பருவத்துக்காக அழைத்திருந்தார்கள். மொழி ஒன்றுதான், பாஸ்போர்ட்தான் வேறு. அவளுக்குச் சீட்டு போன மாதமே கொடுத்தாகிவிட்டது. இது இரண்டாவது ஆளுக்கு. ஓட்டக்காரியின் பக்கத்திலேயே கயிறு பிடித்து ஓடும் வழிகாட்டிக்கு. உறவுமுறை என்ற இடத்தில் ‘கணவரின் அக்கா’ என்று இருந்தது. ‘கடந்த இரண்டு ஆண்டுகளின் போட்டி முடிவுகள்’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று இருந்தது.

இதைத்தான் துணை இயக்குநர் பிடித்துக்கொண்டார். உள்ளூரில் தகுதியான ஆள் கிடைத்தால் அந்த வேலையை வெளியாளுக்குக் கொடுக்கக் கூடாது என்பது விதி. அதற்காகப் பதினான்கு நாள் விளம்பரம் போட்டார்கள். கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி எழுதிப் போட்டிருந்தாள். ஆயிரத்தைந்நூறு மீட்டரில் மூன்று பதக்கம்.

“ஓடுற வேலைக்கு வந்தவங்க, ஒரு போட்டியில கூட ஓடலைங்கிறாங்க. இங்க ஒரு பொண்ணு மூணு பதக்கம் வச்சிருக்கா. இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றார் துணை இயக்குநர்.

“ஒரு தடவை நேர்ல பார்த்துட்டு மூடிடறேன் சார்.”

“எதைப் பார்க்கப் போறீங்க?”

“பேசுறதுதான் வேலைன்னு எழுதியிருக்காங்க. என்ன பேசுவாங்கன்னு தெரிஞ்சுக்க வேணாமா?”

அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகப் போனார். போகும்போது, வழிகாட்டியின் பார்வையாளர் அனுமதி இருபத்திரண்டாம் தேதியோடு முடிகிறது, அதற்குள் ஏதாவது ஒன்று எழுதி முடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று தேதி ஒன்பது. சீட்டு இல்லையென்றால் இருபத்திரண்டாம் தேதி வழிகாட்டி பஸ் ஏற வேண்டும். முதல் போட்டி இருபத்தைந்தாம் தேதி.

*

இரண்டு பேரும் மறுநாள் காலையில் வந்தார்கள். ஆள் தெரிவதற்கு முன்னால் குரல்தான் வந்தது.

“கதவு. உள்பக்கமா திறக்குது. நாலு அடி நேரா. வலது கைக்கு நாற்காலி, கைப்பிடி இல்லாதது. மேடம் எதிர்ல. கண்ணாடி போட்டிருக்காங்க. மேசை மேல ஃபைலு ஃபைலா மலை. கோவமா இல்ல.”

“கோவமா இல்லன்னு எப்படித் தெரியும்?” என்றார் மேடம்.

“முதல்ல அப்படித்தான் சொல்லி வைப்பேன் மேடம். தேவைப்பட்டா அப்புறம் மாத்திக்கலாம்.”

நாத்தனாருக்கு நாற்பதை ஒட்டிய வயது. ஒடிசலான உடம்பு, நீளமான கால். ஓட்டக்காரி அவரைவிடப் பத்து வயது இளையவள், ஒரு பிடி குட்டை. அவரை அண்ணி என்றுதான் கூப்பிட்டாள். கூப்பிடும்போதெல்லாம் உதட்டோரம் ஒரு சிரிப்பு இருந்தது.

மேடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். தம்பி மனைவிக்கு இவர் துணையாக ஓட வேண்டிய அவசியம் என்ன, தம்பி எங்கே போனார்? அவர் பஸ் பணிமனையில் மெக்கானிக் என்றும், பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓட மாட்டார் என்றும் ஓட்டக்காரி சொன்னாள். நாத்தனார் பள்ளிக்கூடத்தில் ஓடியவர், அவர் மாமியார் வீடும் அடுத்த தெருதான். ஆறு வருடத்துக்கு முன்னால், கல்யாணமாகி வந்த இரண்டாம் மாதம், ஓட ஆசையாக இருக்கிறது என்று இவள் சொன்னபோது வீட்டில் எல்லாரும் சும்மா இருந்தார்கள், இவர் மட்டும் ஷூ எங்கே என்று கேட்டாராம்.

“வீட்டுலயும் இவங்க சொல்ற பக்கம்தான் திரும்பணும், மைதானத்துலயும் இவங்க சொல்ற பக்கம்தான் திரும்பணும்,” என்றாள் ஓட்டக்காரி. “எனக்குத் தப்பிக்கவே இடமில்ல மேடம்.”

“திரும்பலேன்னா வேலியில போய் முட்டிக்குவ. எனக்கென்ன.”

கயிற்றைக் காட்டச் சொன்னார் மேடம். ஒரு முழம்கூட இல்லை. இரண்டு முனையிலும் விரல் நுழைகிற வளையம். நாத்தனார் வெளிப்பக்கம் ஓடுவார். அவருடைய இடது கையும் இவளுடைய வலது கையும் ஒரே கை மாதிரி சேர்ந்து ஆட வேண்டும். கயிறு இழுக்கவும் கூடாது, தொங்கவும் கூடாது. மற்றதெல்லாம் பேச்சு. வளைவு எப்போது வருகிறது, முன்னால் போகிறவள் எத்தனை மீட்டர், பின்னால் வருகிறவளுக்கு மூச்சு வாங்குகிறதா, எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே ஓட வேண்டும். அதனால்தான் கட்டத்தில் அப்படி எழுதினேன் என்றார் நாத்தனார். ஓடுவது இவள். தான் பேசுகிறவள்.

“பாதி பொய்,” என்றாள் ஓட்டக்காரி.

“எது?”

“பேசுறதுல பாதி. முன்னாடி போறவ இருபது மீட்டர்ல இருந்தா பன்னண்டுன்னு சொல்லுவாங்க.”

“உனக்குத் தெரியுமாம்மா அது?”

“தெரியும். பன்னண்டுன்னு சொல்ற குரல் வேற, நிஜப் பன்னண்டு வேற.”

“தெரிஞ்சும் ஓடுவியா?”

“இவ்வளவு மெனக்கெட்டு சொல்றாங்களேன்னு ஓடுவேன்.”

மேடத்துக்கு நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அப்புறம்தான் அந்த ‘இல்லை’க்கு வந்தார். ஆறு வருடமாக ஓடுகிறவருக்கு ஒரு முடிவுகூட எப்படி இல்லாமல் போகும்? நாத்தனார் சாதாரணமாகவே பதில் சொன்னார். முடிவுத் தாளில் ஓடுகிறவர் பெயரும் நேரமும்தான் வரும். வழிகாட்டிக்கு இடமும் கிடையாது, நேரமும் கிடையாது. கோட்டை முதலில் ஓட்டக்காரி தாண்ட வேண்டும், வழிகாட்டி பின்னால்தான் வர வேண்டும். முந்திவிட்டால் இரண்டு பேரையும் சேர்த்துத் தகுதி நீக்கிவிடுவார்கள். “முந்தாம இருக்கிறதுக்கு யாரு மேடம் சான்றிதழ் கொடுப்பா?” என்றார்.

மேடம் ஓட்டக்காரியின் பழைய கோப்பை எடுத்து வரச் சொன்னார். கேட்டது இரண்டு வருடத்து முடிவுகள்தான். பெருமைக்கு ஆறு வருடத்தையும் வைத்திருந்தார்கள். ஒரு பெரிய கட்டு. அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். கடைசிக் கட்டத்தில் பொடி எழுத்தில் ‘வழிகாட்டி’ என்று ஓர் இடம் இருந்தது. அதில் ‘மேற்படி’ என்று எழுதியிருந்தது. அடுத்த தாளிலும் மேற்படி. அதற்கடுத்ததிலும் மேற்படி.

“மேற்படின்னா யாரு?”

“நான்தான் மேடம்.”

“நீங்கதான்னு எங்க எழுதியிருக்கு?”

மேடம் தாள்களின் தலைப்பிலிருந்த வரிசை எண்ணைப் பார்த்தார். நாற்பத்தேழு, நாற்பத்தாறு, நாற்பத்தைந்து என்று கீழே இறங்கி இரண்டில் நின்றது. மொத்தம் நாற்பத்தாறு தாள். நாற்பத்தாறு மேற்படி.

“ஒண்ணாம் நம்பர் எங்க?”

அதுவரை கதவு, நாற்காலி, மேசை என்று ஒன்றையும் விடாமல் பேசிய நாத்தனார், அப்போது மட்டும் பேசவில்லை. பிறகு, வீடு மாற்றியபோது தொலைந்துவிட்டது என்றார். ஓட்டக்காரி தலையைக் கொஞ்சம் சாய்த்து அந்தக் குரலைக் கேட்டாள்.

அவர்கள் போனதும் மேடம் அந்த நாட்டு ஓட்டச் சங்கத்துக்குத் தொலைபேசியில் பேசினார். முதல் தாளின் நகல் வேண்டும் என்றார். தேடி அனுப்புவதாகச் சொன்னார்கள். கோப்பின் ஓரத்தில் பென்சிலால் ஒரு ‘ஏன்?’ ஏறியது.

*

உள்ளூர் விண்ணப்பம் ஒன்று இருக்கும்போது இரண்டு பேரையும் ஓடவிட்டுப் பார்க்க விதியில் இடமிருந்தது. யாரும் இதுவரை அதைச் செய்ததில்லை. பதினான்காம் தேதி மேடம் கிளப்பின் மைதானத்துக்குப் போனார். கிளப் செயலாளர் குடை பிடிக்க ஓடி வந்தார். மேடம் வேண்டாமென்று சொல்லிவிட்டு, நேராகப் பாதைக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு, நாத்தனாரைப் பார்த்து, தன்னை ஒரு நூறு மீட்டர் கூட்டிக்கொண்டு போக முடியுமா என்று கேட்டார்.

செயலாளருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

கைக்குட்டையால் கண்ணைக் கட்டியதும் மேடத்துக்குப் பாதையே காலடியிலிருந்து நழுவினாற்போல இருந்தது. விரலில் வளையம் ஏறியது. பக்கத்தில் குரல் தொடங்கியது.

“நேரா மேடம். கால் கீழ ஒண்ணுமில்ல. கல்லு இல்ல, குழி இல்ல, பாம்பு இல்ல. கையைச் சும்மா விடுங்க, நான் ஆட்டிக்கிறேன். செயலாளர் வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கிறாரு, அந்தப் பக்கம் பார்க்காதீங்க. வளைவு வருது. நாலு, மூணு, ரெண்டு, இடது தோளைக் கொஞ்சம் சாய்ங்க. அவ்வளவுதான். வேகமா நடக்கறீங்க மேடம், ஆபீஸ்ல இப்படி நடப்பீங்களா?”

மேடம் நடந்தார். பிறகு, தன்னையறியாமல் கொஞ்சம் ஓடினார். பயம் எங்கே போனதென்று பிற்பாடு யோசித்துப் பார்த்தும் பிடிபடவில்லை. கடைசியில் அந்தக் குரல் பக்கத்திலிருந்து மெல்ல நகர்ந்து வலது தோளுக்குப் பின்னால் போனது. ‘போங்க’ என்று பின்னாலிருந்து சொன்னது. அத்துடன் நின்றது. மேடம் கண்கட்டை அவிழ்த்தபோது வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஓர் அடியில் நின்றிருந்தார்.

“குரல் ஏன் பின்னாடி போச்சு?” என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் கல்லூரிப் பெண் வந்துவிட்டாள்.

நல்ல பெண். மரியாதையாக ஓட்டக்காரியின் கையைத் தொட்டுத் தன்னைச் சொல்லிக்கொண்டாள். இரண்டு நாளாகக் கயிறு பிடித்துப் பழகியும் இருந்தாள். ஒரு சுற்று, நானூறு மீட்டர் என்று முடிவானது. எல்லைக்கோட்டில் கிளப்பின் நடுவர் நின்றார். நாத்தனார் வேலியோரம் மேடத்துக்குப் பக்கத்தில் நின்றார். கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

குறை சொல்ல முடியாது, நன்றாகவே ஓடினார்கள். முதல் வளைவில் கால் கொஞ்சம் இடித்துக்கொண்டது, பிறகு சேர்ந்துவிட்டது. கல்லூரிப் பெண் சரியான தூரத்தைச் சரியாகச் சொன்னாள். ஒரு மீட்டர் பொய் இல்லை. மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோப்பில் இருந்த, நாத்தனாருடன் ஓடிய வேகத்துக்கு ஒன்றும் குறையவில்லை. துணை இயக்குநர் சொன்னதுதான் சரியோ என்றுகூட ஒரு நொடி நினைத்தார்.

கடைசி இருபது மீட்டர். கோடு கண்ணில் பட்டதும் அந்தப் பெண்ணின் உடம்பு மாறியது. அது அவள் யோசித்துச் செய்ததல்ல. எட்டு வருடமாகப் பழகிய உடம்பு. கோட்டைக் கண்டால் நெஞ்சை முன்னால் தள்ளிப் பாயும். பாய்ந்தது. ஓட்டக்காரிக்கு ஓர் அடி முன்னால் அவள் கோட்டைத் தாண்டினாள். தாண்டியதும் எல்லா ஓட்டக்காரர்களையும் போல வேகத்தைக் குறைத்தாள்.

ஓட்டக்காரி குறைக்கவில்லை. அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். கயிறு விண்ணென்று இழுத்து விரலிலிருந்து கழன்றது. அவள் தனியாக, கையை வீசிக்கொண்டு, பாதையின் வளைவை நோக்கி நேராக ஓடினாள். நேரே இரும்பு வேலி.

“நில்லுடி.”

நாத்தனார் கத்தவில்லை. வீட்டில் அடுப்பை அணை என்று சொல்கிற குரல்தான். ஓட்டக்காரி நான்கு எட்டில் நின்றாள். வேலிக்கும் அவளுக்கும் இடையில் ஓர் ஆள் படுக்கிற இடம் இருந்தது.

கல்லூரிப் பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. கோடு வந்துவிட்டதென்று நான் சொன்னேனே என்றாள். சொல்லியிருந்தாள்தான், மேடமும் கேட்டார். ஆனால் ஓட்டக்காரி வார்த்தையை எதிர்பார்க்கவில்லை. ஓட்டத்தின் கடைசியில், சுற்றிலும் ஆட்கள் கத்தும்போது, வார்த்தை காதில் ஏறாது. குரல் எங்கே இருக்கிறது என்பது மட்டும் கேட்கும். அண்ணியின் குரல் வலது தோளுக்குப் பின்னால் போனால் கோடு வந்தாயிற்று என்று அர்த்தம். இன்று குரல் பின்னால் போகவே இல்லை. அதனால் கோடு வரவில்லை என்றுதான் அவள் நினைத்தாள். இதையெல்லாம் மூச்சு வாங்க வாங்கச் சொல்லிவிட்டு, “பாவம், அவளைத் திட்டாதீங்க. நல்லா ஓடுறா,” என்றாள்.

மேடத்துக்குத் தன் வலது தோள் ஞாபகம் வந்தது. அங்கே கையை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

அந்தப் பெண் அங்கேயே ஒரு தாள் கேட்டு வாங்கி விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தாள். பழகினால் வந்துவிடும்தான், ஆனால் அதற்குள் இந்த அக்கா எத்தனை தடவை வேலியில் மோதுவாங்க, என்றாள். பிறகு நாத்தனாரிடம் போய், கோட்டைப் பார்த்ததும் பின்னால் போக உங்களுக்கு எப்படி மனசு வருகிறது என்று கேட்டாள்.

நாத்தனார், “எனக்கும் வரல. வர வச்சேன்,” என்றார்.

மேடம் அதையும் கேட்டுக்கொண்டார்.

*

துணை இயக்குநர் நியாயமான மனிதர்தான். உள்ளூரில் ஆள் இல்லை, ஒத்துக்கொள்கிறேன் என்றார். ஆனால் இந்த அம்மாவுக்குத் தகுதி இருக்கிறதென்று எந்தக் காகிதம் சொல்கிறது? தோளுக்குப் பின்னால் குரல் போனது என்று கோப்பில் எழுத முடியுமா? நாற்பத்தாறு மேற்படிக்கும் தலையில் ஒரு பெயர் வேண்டும். முதல் தாளைக் கொண்டு வாருங்கள், உடனே கையெழுத்துப் போடுகிறேன்.

பதினெட்டு வந்தது. பத்தொன்பது வந்தது. சங்கத்தில் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள். இருபத்தொன்றாம் தேதி காலை பதினோரு மணிக்கு உறை வந்தது. முன்கூட்டியே வரச் சொல்லியிருந்ததால் இரண்டு பேரும் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனாரின் காலடியில் பயணப் பை இருந்தது.

மேடம் உறையைக் கிழித்துத் தாளை விரித்தார். வரிசை எண் ஒன்று. ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி. ஓட்டக்காரியின் பெயர். வழிகாட்டி என்ற இடத்தில், முழுதாக, அழகாக, நாத்தனாரின் பெயர். அதற்குக் கீழே சிவப்பு மையில் ஒரு வரி. மேடம் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

நாத்தனார் தாளைப் பார்க்கவில்லை. மேடத்தின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரு நிமிடம் வர முடியுமா என்று கேட்டார்.

நடைவழியில் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் நின்று தாழ்ந்த குரலில் சொன்னார். “அதை மட்டும் வைக்காதீங்க மேடம். அவளுக்குத் தெரியாது.”

“என்ன சொல்லியிருக்கீங்க அவகிட்ட?”

“நீ வளைவுல உள்பக்கக் கோட்டை மிதிச்சுட்டே, அதான் தூக்கிட்டாங்கன்னு சொல்லிட்டேன். அவளோட மொத ஓட்டம் அது. ரெண்டு மாசம் வளைவுல கால் மாத்தி மாத்திப் பழகினா. மிதிக்கவே இல்ல மேடம் அவ.”

மேடம் இருக்கிற நிலைமையைச் சொன்னார். இவர் பெயர் இருக்கிற தாள் உலகத்தில் இது ஒன்றுதான். இது இல்லாமல் அந்த நாற்பத்தாறும் யாருடையதும் இல்லை. வைக்காவிட்டால் நாளைக்கு பஸ். வைத்தால், ஓட்டக்காரியும் கூட்டு விண்ணப்பதாரர் என்பதால் அவள் கையெழுத்து வேண்டும். பார்வையில்லாதவர் கையெழுத்துப் போட்டால், இணைத்திருக்கும் ஒவ்வொரு தாளையும் ஒரு வரி விடாமல் படித்துக் காட்ட வேண்டும். படித்துக் காட்டினேன் என்று மேடம் உறுதி கொடுக்க வேண்டும்.

“கொஞ்சம் விட்டுப் படிக்கக் கூடாதா மேடம்?”

“நீங்கன்னா விட்டுப் படிப்பீங்க. எனக்கு அது வராது.”

நாத்தனார் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். இன்னொன்று குடித்தார். அப்புறம், நானே படிக்கிறேன் என்றார்.

உள்ளே போய் நாற்காலியை ஓட்டக்காரியின் வலது பக்கம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தாளைக் கையில் எடுத்தார்.

“வரிசை எண் ஒண்ணு. உன் பேரு. ஆயிரத்தைந்நூறு மீட்டர். நேரம், அஞ்சு நிமிஷம் அம்பத்திரண்டு. வழிகாட்டி, என் பேரு.” நிறுத்தினார். “கீழ ஒரு வரி இருக்கு. சிவப்புல. தகுதி நீக்கம். வழிகாட்டி முந்தினார்.”

மேசை மேல் மின்விசிறிக் காற்றில் காகிதங்கள் மட்டும் படபடத்தன.

“முடிஞ்சுதா?” என்றாள் ஓட்டக்காரி.

“முடிஞ்சுது. நான்தான்டி. நீ ஒண்ணும் மிதிக்கல. கோட்டைப் பார்த்ததும் எனக்குப் பள்ளிக்கூடத்து ஞாபகம் வந்துருச்சு. உன்னை மறந்துட்டேன்.”

“தெரியும் அண்ணி.”

“என்ன தெரியும்?”

“அன்னிக்கு உங்க மூச்சு எனக்கு முன்னாடி கேட்டுச்சு. அதுவரைக்கும் பக்கத்துல இருந்துச்சு, திடீர்னு முன்னாடி போயிருச்சு. அப்பவே தெரியும்.”

மேடம்தான் கேட்டார். கேட்காமல் இருக்க அவரால் முடியாது.

“ஆறு வருஷமா தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?”

“சொல்லியிருந்தா அழுதிருப்பாங்க மேடம். அழுதுட்டு, இனிமே நான் வரல, வேற ஆளைப் பாருன்னு போயிருப்பாங்க. பொய் சொல்லிட்டதால விட்டுப் போக முடியல. மறுநாள் காலையில அஞ்சரைக்கு ஷூவைப் போட்டுக்கிட்டு வந்து நின்னாங்க.” அவள் வலது கையை நீட்டித் துழாவி நாத்தனாரின் முழங்கையைப் பிடித்தாள். “ஆனா அண்ணி, அதுதான் நீங்க சொன்னதுலயே மட்டமான பொய். இப்பல்லாம் எவ்வளவோ தேவலாம்.”

“ரெண்டு மாசம் வளைவுல உயிரை விட்டியேடி.”

“வளைவு நல்லா வந்துச்சுல்ல.”

நாத்தனார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேடம் வேறு பக்கம் திரும்பி முத்திரைக் கட்டையைத் தேடுவதுபோல் தேடினார். அது கையருகேதான் இருந்தது.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. மேடம் ‘போட்டி முடிவுகள்’ கட்டத்திலிருந்த ‘இல்லை’யை நாத்தனாரின் கையாலேயே அடிக்கச் சொல்லி, பக்கத்தில் எழுத வைத்தார். ஓடியவை நாற்பத்தேழு. பின்னால் வந்தவை நாற்பத்தாறு. முந்தியது ஒன்று, ஆதாரம் இணைப்பில். துணை இயக்குநர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார்.

“இத்தனை வருஷத்துல, பின்னாடி வந்ததைத் தகுதின்னு எழுதின விண்ணப்பத்தை நான் பார்த்ததில்ல.”

“நானும் பார்த்ததில்ல சார்.”

“இந்தத் தகுதி நீக்கத்தை ஏன் மறைக்காம வச்சீங்க? இது இவங்களுக்குப் பாதகம்தானே?”

“அது ஒண்ணு இருக்கிறதாலதான் சார் மீதி நாற்பத்தாறும் தற்செயல் இல்லன்னு தெரியுது.”

அவர் மேடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ‘பணியின் தன்மை’யை மட்டும் மாற்றச் சொன்னார். பேசுவது என்று அச்சடித்தால் மேலிடத்தில் சிரிப்பார்களாம். கொஞ்ச நேரம் வாதாடி, ‘பேசிக்கொண்டே ஓடுவது’ என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள்.

சீட்டை வாங்கிக்கொண்டு அவர்கள் கிளம்பியபோது மணி இரண்டு. மின்தூக்கி வேலை செய்யவில்லை. மேடம் படிக்கட்டின் தலைப்பில் நின்று பார்த்தார். பயணப் பை நாத்தனாரின் ஒரு தோளில், ஓட்டக்காரி இன்னொரு பக்கம். கயிறு இல்லை, முழங்கைதான்.

“திருப்பம். இடது பக்கம் கைப்பிடி. சுவர்ல வெத்திலை எச்சில் இல்ல, நல்ல ஆபீஸ்தான். இறங்கு. இனிமே கீழ் மாடி வரைக்கும் நாலே படிதான்.”

“ஆறு, அண்ணி.”

“நாலுதான்டி.”

மேடம் கைப்பிடியில் சாய்ந்து கழுத்தை நீட்டி எண்ணிப் பார்த்தார்.

ஆறு.